கடைசி வரியில் ஒரு ‘இங்’: ஆங்கிலத் தொடர்கள், வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பல, கடிதத்தின் கடைசி வரியைப் பற்றியவை. ஆங்கிலத் தொடர்களைக் காதில் விழுகிறபடி தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறோம். எழுத்துக்கூட்டல் முக்கியமான இடங்களில் எழுத்துகளைத் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கேள்வி: வேலைக்கு விண்ணப்பம் அனுப்பும்போது கடைசியில் ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட் டு ஹியர் ஃப்ரம் யூ’ என்று எழுதினேன். ‘ஹியர்’ தப்பு, ‘ஹியரிங்’ என்று வர வேண்டும் என்கிறாள் என் தோழி. ‘டு’வுக்குப் பின்னால் வினைச்சொல் அப்படியே வரும் என்றுதானே பள்ளிக்கூடத்தில் படித்தோம்? எது சரி?
– பி.காம். பட்டதாரி, திருமங்கலம்

பதில்: தோழி சொல்வதுதான் சரி. பள்ளியில் சொன்னதும் தப்பில்லை. அது வேறொரு ‘டு’வைப் பற்றியது.

டி, ஓ என்ற அந்த இரண்டு எழுத்து வீட்டில் இரண்டு பேர் குடியிருக்கிறார்கள். ஒருவர் வினையோடு ஒட்டிக்கொண்டு வருபவர்: ‘ஐ வாண்ட் டு கோ’, ‘ஐ ஹோப் டு ஜாயின்’. ‘போக’, ‘சேர’ என்று நாம் சொல்லும்போது கடைசியில் ஒலிக்கிறதே ஓர் அகரம், அதன் வேலையைத்தான் இவர் பார்க்கிறார். இன்னொருவர் ‘ஐ வென்ட் டு மேலூர்’ என்பதில் வருபவர். இவர் நம் ‘கு’ உருபு: மேலூருக்குப் போனேன்.

‘கு’ உருபு வினைப்பகுதியோடு நேராக ஒட்டாது என்பதைத் தமிழ் பேசுகிற யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. ‘உங்கள் வாவுக்குக் காத்திருக்கிறேன்’ என்று யாராவது சொல்வார்களா? ‘வருகைக்கு’ என்றோ ‘வருவதற்கு’ என்றோ வினையைப் பெயராக்கிக்கொண்ட பிறகுதான் உருபைப் போடுகிறோம். ஆங்கிலத்தில் அப்படிப் பெயராக்கித் தருவது ‘இங்’. ‘லுக் ஃபார்வர்ட் டு’வில் இருப்பது இந்த இரண்டாவது ஆள். அதனால்தான் அங்கே ‘ஹியர்’ நிற்காது, ‘ஹியரிங்’ வேண்டியிருக்கிறது.

எந்த ஆள் என்று தெரியாவிட்டால், ‘டு’வுக்குப் பின்னால் வெறும் ‘இட்’ வைத்துப் பாருங்கள். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்’ உட்காருகிறது. ஆகவே ‘இங்’ போடலாம். ‘ஐ வாண்ட் டு இட்’ உட்காரவில்லை. ஆகவே வினை அப்படியே வரட்டும். இந்தச் சோதனையைத் தமிழில் மொழிபெயர்த்துச் செய்யாதீர்கள், கவிழ்த்துவிடும். ‘உங்களைப் பார்ப்பதற்கு வந்தேன்’ என்று நாம் ‘கு’ போட்டுச் சொல்கிற இடத்தில் ஆங்கிலம் ‘ஐ கேம் டு ஸீ யூ’ என்று முதல் ஆளைத்தான் கூப்பிடும்.

இரண்டாவது ஆள் வரும் வேறு சில தொடர்களும் விண்ணப்பங்களில் அடிக்கடி தலைகாட்டும். ‘ஐ ஆம் கமிட்டட் டு லேர்னிங்’, ‘இன் அடிஷன் டு டீச்சிங்’, ‘வித் எ வியூ டு இம்ப்ரூவிங்’, ‘பிரையர் டு ஜாய்னிங்’, ‘ஐ டு நாட் அப்ஜெக்ட் டு டிராவலிங்’ எல்லாம் ஒரே குடும்பம். இதில் ஆளை ஏமாற்றுவது ‘யூஸ்டு டு’. ‘ஐ யூஸ்டு டு வொர்க் அட் நைட்’ என்றால் முன்பெல்லாம் இரவில் வேலை பார்த்தேன், இப்போது இல்லை. ‘ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்’ என்றால் இரவு வேலை எனக்குப் பழகிப்போனது. இரவு ஷிஃப்டுக்கு விண்ணப்பிக்கிறவர் முதல் வாக்கியத்தை எழுதி வைத்தால் பொருள் தலைகீழாகிவிடும்.

உங்கள் வரிக்கே திரும்புவோம். ‘ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ’ என்பது முறையான கடிதத்துக்கு உரியது. ‘ஐ ஆம் லுக்கிங் ஃபார்வர்ட்’ கொஞ்சம் நெருக்கமான தொனி, இலக்கணத்தில் குறையில்லை. முன்பின் தெரியாத நிறுவனத்துக்கு முதலாவதைத்தான் சொல்வோம். ‘ஐ ஆம் லுக் ஃபார்வர்ட்’, ‘ஐ லுக்கிங் ஃபார்வர்ட்’ என்று இரண்டையும் பாதி பாதியாகக் கலப்பதுதான் பிழை. ‘டு’ இருக்க வேண்டிய இடத்தில் ‘ஃபார்’ போடுவதும் பிழை. ‘ஃபார்வர்ட்’ என்பதை எஃப்-ஓ-ஆர்-டபிள்யூ-ஏ-ஆர்-டி என்று எழுதுங்கள். எஃப்-ஓ-ஆர்-இ-டபிள்யூ-ஓ-ஆர்-டி என்று எழுதினால் அது புத்தகத்துக்கு எழுதும் அணிந்துரை. அதுவும் அகராதியில் உள்ள சொல் என்பதால் கம்ப்யூட்டர் சிவப்புக் கோடு போட்டுக் காட்டிக்கொடுக்காது.

கேள்வி: சுங்குடிச் சேலை வியாபாரம். லண்டனில் ஒரு கடைக்காரர் மெயிலில் படங்கள் கேட்டிருந்தார். நான் அனுப்பிய பதில் இது: ‘ரெஸ்பெக்டட் சார், வித் ரெஃபரன்ஸ் டு யுவர் மெயில், வீ ஆர் ஹியர்வித் அட்டாச்சிங் தி ஃபோட்டோஸ் ஆஃப் சுங்குடி டை அண்ட் டையிங் சாரீஸ் ஃபார் யுவர் கைண்ட் பெருசல். கைண்ட்லி ரிவர்ட் பேக் தி கலர்ஸ் அட் தி இயர்லியஸ்ட். எக்ஸ்பெக்டிங் யுவர் ஃபேவரபிள் ரிப்ளை. தேங்கிங் யூ.’ பத்து நாளாகப் பதில் இல்லை. கடிதத்தில் ஏதாவது கோளாறா?
– வியாபாரி, மதுரை

பதில்: பதில் வராததற்கு ஆயிரம் காரணம் இருக்கலாம். பழியைக் கடிதத்தின் மேல் மட்டும் போட முடியாது. ஆனாலும் அதில் திருத்த நிறைய இருக்கிறது. கடைசி வரியிலிருந்து மேலே போவோம்.

‘எதிர்பார்க்கிறேன்’ என்று தமிழில் ஒரே சொல்லை இரண்டு வேலைக்கு வைத்திருக்கிறோம். வரும் என்று கணக்கு வைத்திருப்பதற்கும் அதுதான், வந்தால் சந்தோஷம் என்பதற்கும் அதுதான். ஆங்கிலம் இவற்றைப் பிரித்து வைத்திருக்கிறது. ‘எக்ஸ்பெக்ட்’ முதலாவது. மழையை எக்ஸ்பெக்ட் செய்யலாம். கொடுத்த கடன் 10-ஆம் தேதிக்குள் வர வேண்டும் என்று எக்ஸ்பெக்ட் செய்யலாம். முதல் தடவை சரக்குக் கேட்கிறவரிடம் ‘எக்ஸ்பெக்டிங் யுவர் ஃபேவரபிள் ரிப்ளை’ என்றால், ‘சரி என்றுதான் நீ சொல்லப்போகிறாய்’ என்று தோளில் கை போட்டது மாதிரி இருக்கும். ‘லுக் ஃபார்வர்ட் டு’ இரண்டாவது. அதில் ஆவல் இருக்கிறது, கட்டாயம் இல்லை. (‘ஷீ இஸ் எக்ஸ்பெக்டிங்’ என்று அத்துடன் நிறுத்திவிட்டால் அவர் முழுகாமல் இருக்கிறார் என்று பொருள்.)

‘எக்ஸ்பெக்டிங் யுவர் ரிப்ளை’, ‘தேங்கிங் யூ’ இரண்டும் பாதி வாக்கியங்கள். பழைய கடிதங்களில் ‘தேங்கிங் யூ, ஐ ரிமெய்ன், யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’ என்று ஓடும். அந்த ‘இங்’ தொங்குவதற்கு ‘ஐ ரிமெய்ன்’ என்றொரு கொம்பு இருந்தது. கொம்பை வெட்டிவிட்டோம், கொடியை மட்டும் இன்னும் நகல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். ‘தேங்க் யூ’ என்று முடித்தால் போதும்.

‘ரிவர்ட்’ என்பதைப் பதில் சொல்வது என்ற பொருளில் நம் அலுவலகங்கள் எல்லாம் புழங்குகின்றன. லண்டன்காரர் காதில் அது பழைய நிலைக்குத் திரும்புவது என்றுதான் முதலில் விழும். ‘ரிவர்ட் பேக்’ என்றால் திரும்பித் திரும்புதல். அதிலும் ‘ரிவர்ட் பேக் தி கலர்ஸ்’ என்று படித்தால், சேலையின் சாயத்தைப் பழையபடி ஆக்கச் சொல்கிறீர்களோ என்று அவர் குழம்பவும் இடமிருக்கிறது. ‘பெருசல்’ என்பது கவனமாகப் படித்துப் பார்ப்பது. படங்களுக்கு அது பொருந்தாது, விட்டுவிடலாம்.

எங்களைத் திடுக்கிட வைத்தது ‘டை அண்ட் டையிங்’. முடிச்சுப் போடும் ‘டை’ டி-ஐ-இ (‘டீச்சர்’ என்பதில் வரும் டி). சாயம் தோய்க்கும் ‘டை’ டி-ஒய்-இ (‘டாக்டர்’ என்பதில் வரும் டி). சாயத் தொழிலுக்கு ‘இங்’ சேர்க்கும்போது இ-யை விடக் கூடாது: டி-ஒய்-இ-ஐ-என்-ஜி. நீங்கள் அனுப்பிய நகலில் அந்த இ இல்லை. இ போய்விட்டால் அது ‘செத்துக்கொண்டிருக்கும்’ என்று ஆகிவிடும். 2005-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரைச் சுங்குடியை ‘முடிச்சுப் போட்டுச் சாகிற சேலை’ என்று விற்க வேண்டாம். ‘டை அண்ட் டை’ என்று தொழிலின் பெயரை எழுதுங்கள், அல்லது கையால் முடிச்சுப் போட்டது என்ற பொருளில் ‘ஹேண்ட்-டைடு’ என்று எழுதுங்கள். பின்னதை எழுதுவதானால் அந்தச் சேலை கையால் முடிச்சுப் போட்டதாகவே இருக்க வேண்டும். மெழுகு அச்சு, ஸ்கிரீன் பிரிண்ட் சேலைகளும் சுங்குடி என்ற பெயரிலேயே கடைகளில் இருக்கின்றன. அவற்றுக்கு ‘வாக்ஸ்-பிரிண்டட்’, ‘ஸ்கிரீன்-பிரிண்டட்’ என்று உள்ளதை உள்ளபடி போடுங்கள். விலை வித்தியாசத்தை அந்த ஒரு சொல்தான் அவருக்கு விளக்கும்.

‘அட் தி இயர்லியஸ்ட்’ என்று தனியே நின்றால் ‘அதற்கு முன்னால் ஆகாது’ என்ற பொருள்தான் அவர்களுக்கு வரும். ‘டென்த் ஜூன் அட் தி இயர்லியஸ்ட்’ என்றால் ஜூன் 10-க்கு முன் வாய்ப்பில்லை. சீக்கிரம் வேண்டும் என்பது ‘ஆஸ் சூன் ஆஸ் பாசிபிள்’. அதைவிட ஒரு தேதி சொல்வது நல்லது. தேதியை 5/6 என்று எழுதாதீர்கள். லண்டனில் அது ஜூன் 5, அமெரிக்காவில் மே 6. மாதத்தின் பெயரை எழுதிவிட்டால் வம்பில்லை. நிறம் என்பதற்கு லண்டனுக்குப் போகும் கடிதத்தில் யு உண்டு: சி-ஓ-எல்-ஓ-யு-ஆர். அமெரிக்காவுக்கு அந்த யு வேண்டாம்.

அப்படியானால் கடிதம் இப்படி வரும்: ‘டியர் மிஸ்டர்’ போட்டு அவருடைய குடும்பப் பெயர். ‘தேங்க் யூ ஃபார் யுவர் ஈமெயில் ஆஃப் ஃபிஃப்த் ஜூன். ஐ ஹாவ் அட்டாச்டு ஃபோட்டோகிராஃப்ஸ் ஆஃப் ட்வென்டி ஃபோர் ஹேண்ட்-டைடு சுங்குடி சாரீஸ். ப்ளீஸ் லெட் மீ நோ பை ட்வென்டியத் ஜூன் விச் கலர்ஸ் யூ வுட் லைக். ஐ லுக் ஃபார்வர்ட் டு ஹியரிங் ஃப்ரம் யூ.’ பெயர் சொல்லித் தொடங்கியதால் ‘யுவர்ஸ் சின்சியர்லி’. ‘டியர் சார்’ என்று தொடங்கியிருந்தால் ‘யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி’. ‘ரெஸ்பெக்டட் சார்’ நம் ஊர் மரியாதை. அங்கே அந்த வழக்கம் இல்லை.

கேள்வி: ‘யுவர்ஸ்’ என்பதில் எஸ்ஸுக்கு முன்னால் மேற்புள்ளி (அபாஸ்ட்ரஃபி) உண்டா?
– வாசகர், செல்லூர்

பதில்: கிடையாது. ‘யுவர்ஸ்’ பெரிய ஒய்-யில் தொடங்கும். அடுத்த சொல் சின்ன எழுத்தில்.

கேள்வி: பட்டா மாறுதலுக்கு ஆங்கிலத்தில் மனு எழுதிக் கடைசியில் ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’ என்று போட்டேன். இது ஆங்கிலமே இல்லை என்கிறான் வெளிநாட்டில் இருக்கும் மகன். நாற்பது வருஷமாக இப்படித்தானே எழுதுகிறோம்?
– ஓய்வு பெற்றவர், உசிலம்பட்டி

பதில்: ஆங்கிலம்தான். ஆங்கிலேயர்களே எழுதிக்கொண்டிருந்த தொடர்தான். அவர்கள் ஊரில் வழக்கொழிந்துவிட்டது, நம் ஊரில் தங்கிவிட்டது. இங்கேயுள்ள அலுவலகத்துக்கு எழுதும்போது அதைப் பிழை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மகன் இருக்கும் நாட்டுக்கு எழுதும்போது தவிர்த்துவிடுங்கள்.

எங்களுக்கு அதில் இருக்கும் குறை வேறு. ‘நீட்ஃபுல்’ எது என்று வாக்கியம் சொல்வதில்லை. தமிழ் மனுவில் ‘ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்’ என்று எழுதுகிறோமே, அதே மூட்டம். ஒருவர் மனுவை வாங்கிக் கடைசி வரியை மட்டும் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரியில் வேலை முழுவதும் தெரிய வேண்டும்: ‘ஐ ரிக்வெஸ்ட் யூ டு டிரான்ஸ்ஃபர் தி பட்டா ஃபார் சர்வே நம்பர்…’ என்று தொடங்கிப் புல எண், உட்பிரிவு எண், கிராமம், வட்டம் நான்கையும் எழுதி, ‘டு மை நேம்’ என்று முடியுங்கள். அடுத்த வரியில் ‘ஐ என்க்ளோஸ் காப்பீஸ் ஆஃப் தி சேல் டீட் அண்ட் தி என்கம்ப்ரன்ஸ் சர்ட்டிஃபிகேட்’. கிரையப் பத்திரமும் வில்லங்கச் சான்றும் பின்னால் இருக்கின்றன என்று தெரிந்துவிடும்.

‘ஐ ரிக்வெஸ்ட் ஃபார்’ என்று எழுதாதீர்கள். ‘ரிக்வெஸ்ட்’ வினையாக வரும்போது ‘ஃபார்’ வேண்டாம், பெயராக வரும்போது வேண்டும்: ‘மை ரிக்வெஸ்ட் ஃபார் பட்டா டிரான்ஸ்ஃபர்’. ‘டிஸ்கஸ்’ என்பதும் இப்படித்தான், பின்னால் ‘அபவுட்’ ஏற்காது.

இன்னொன்று. மனுவை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும் என்று யார் சொன்னது? தமிழ் இங்கே ஆட்சிமொழி. அதற்கான சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. புல எண்ணையும் வட்டத்தையும் தமிழில் எழுதினாலும் பட்டா மாறும்.

கேள்வி: ‘வித் ரிகார்ட் டு’, ‘வித் ரிகார்ட்ஸ் டு’ எது?
– தட்டச்சர், சிம்மக்கல்

பதில்: எஸ் இல்லாதது. ‘ரிகார்ட்ஸ்’ என்றால் வணக்கம், விசாரிப்பு. கடிதத்தின் அடியில் வரும் ‘வித் கைண்ட் ரிகார்ட்ஸ்’ அதுதான். வேடிக்கை என்னவென்றால் ‘ஆஸ் ரிகார்ட்ஸ்’ என்ற தொடரில் எஸ் கட்டாயம் உண்டு. இரண்டும் குழப்பினால் ‘அபவுட்’ என்று எழுதிவிட்டுப் போங்கள்.

கேள்வி: மகனுக்கு லீவு லெட்டர் எழுதினேன்: ‘ஆஸ் மை சன் இஸ் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர் சின்ஸ் டூ டேஸ், ஸோ கைண்ட்லி கிராண்ட் ஹிம் லீவ்.’ ஆசிரியை சிரித்துக்கொண்டே வாங்கினாராம். எங்கே தப்பு?
– தாய், மேலூர்

பதில்: மூன்று இடத்தில். ‘ஆஸ்’ என்று காரணத்தைத் தொடங்கிவிட்டால் ‘ஸோ’ வேண்டியதில்லை. ‘காய்ச்சல் அடிப்பதால் ஆகவே லீவு கொடுங்கள்’ என்று தமிழில் எழுதினாலும் இடிக்கும்தானே? இதே மாதிரி ‘ஆல்தோ’ போட்டுத் தொடங்கினால் நடுவில் ‘பட்’ வரக் கூடாது.

‘சின்ஸ் டூ டேஸ்’ இரண்டாவது. ‘திங்கள்கிழமையிலிருந்து’ என்கிற இடத்தில் ‘சின்ஸ்’, ‘இரண்டு நாளாக’ என்கிற இடத்தில் ‘ஃபார்’. தமிழில் நாம் இதைக் குழப்புவதே இல்லை. ‘இருந்து’ வந்தால் சின்ஸ், ‘ஆக’ வந்தால் ஃபார் என்று பிடித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ‘இஸ் சஃபரிங்’. அன்று தொடங்கி இன்றுவரை நீடிக்கிறது என்பதால் ‘ஹாஸ் பீன்’ வேண்டும். ஆனால் சாதாரணக் காய்ச்சலுக்கு ‘சஃபரிங்’ கொஞ்சம் பெரிய சொல். ‘மை சன் ஹாஸ் ஹாட் எ ஃபீவர் சின்ஸ் மண்டே. ப்ளீஸ் கிராண்ட் ஹிம் லீவ் ஆன்’ என்று எழுதித் தேதிகளைப் போடுங்கள். உங்கள் கடிதத்தில் எந்தெந்த நாளுக்கு லீவு என்பதே இல்லை. இலக்கணத்தைவிட அதுதான் ஆசிரியைக்குத் தொந்தரவு.

கேள்வி: ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு’ என்கிறார்களே, ‘ஃபைண்ட்’ என்றால் தேடிக் கண்டுபிடிப்பதுதானே? நான் ‘ப்ளீஸ் ஃபைண்ட் தி அட்டாச்மெண்ட்’ என்று எழுதுகிறேன். சரியா?
– கல்லூரி மாணவர், ஒத்தக்கடை

பதில்: நீங்கள் எழுதுவதுதான் தேடச் சொல்கிறது. ‘ஃபைண்ட்’ என்பதற்குக் காண்பது என்றும் பொருள் உண்டு. ‘தேர் நிலைக்கு வந்திருக்கக் கண்டேன்’ என்பது போல, ‘ப்ளீஸ் ஃபைண்ட் மை ரெஸ்யூமே அட்டாச்டு’ என்றால் ‘என் விவரக்குறிப்பு இணைந்திருக்கக் காண்க’. ‘ரெஸ்யூமே’ எது, அது என்ன நிலையில் இருக்கிறது என்று இரண்டும் இருந்தால்தான் வாக்கியம் முழுமை. பொருளின் பெயர் நீளமாக இருந்தால் ‘அட்டாச்டு’வை முன்னால் கொண்டுவந்து ‘ப்ளீஸ் ஃபைண்ட் அட்டாச்டு மை ரெஸ்யூமே அண்ட் மார்க் ஷீட்ஸ்’ என்று எழுதலாம். நீங்கள் ‘அட்டாச்மெண்ட்’ என்று நிறுத்திவிட்டதால் நிலையைச் சொல்லும் சொல் விழுந்துவிட்டது. மிஞ்சியது, ‘போய்த் தேடு’.

மெயிலுக்கு ‘அட்டாச்டு’, தபால் உறைக்குள் வைப்பதற்கு ‘என்க்ளோஸ்டு’. ‘ஹியர்வித்’ இரண்டிலும் தேவையில்லை. இந்தத் தொடரே பிடிக்காவிட்டால் ‘ஐ ஹாவ் அட்டாச்டு மை ரெஸ்யூமே’ என்று நேராக எழுதுங்கள், எங்கள் ஓட்டு அதற்குத்தான்.

இந்தத் தொடரில் நடக்கும் பெரிய பிழை இலக்கணப் பிழையே அல்ல. வரி இருக்கும், ஃபைல் இருக்காது. முதலில் ஃபைலை இணையுங்கள், அப்புறம் கடிதத்தை எழுதுங்கள், பெறுபவர் முகவரியைக் கடைசியாகப் போடுங்கள். முகவரி இல்லாத மெயில் தவறிப்போய்க் கிளம்பாது. ஃபைலுக்கு ‘நியூ ஃபைனல் 2’ என்று பெயர் வைக்காமல் உங்கள் பெயரையே வையுங்கள். பெறுகிறவரிடம் இருநூறு ‘ஃபைனல்’ கிடக்கும். ஜிமெயிலில் இணைப்பு எல்லாம் சேர்த்து 25 எம்.பி.க்குள் இருக்க வேண்டும். மார்க் ஷீட்டை செல்போனில் படம்பிடித்து அப்படியே அனுப்புகிறவர்கள் இந்த எல்லையில் முட்டிக்கொள்வார்கள், பி.டி.எஃப். ஆக்கி அனுப்புங்கள்.

கேள்வி: ரெஸ்யூமேயில் ‘பாஸ்டு அவுட் இன் 2024’, ‘நோ அரியர்ஸ்’ என்று போடலாமா?
– பொறியியல் பட்டதாரி, அண்ணா நகர்

பதில்: ‘பாஸ்டு அவுட்’ என்றால் வெளிநாட்டார் பலருக்கு மயங்கி விழுந்தது. ராணுவம், போலீஸ் போன்றவற்றில் பயிற்சி முடிப்பவர்களுக்கு ‘பாஸிங் அவுட் பரேட்’ உண்டு. ‘கிராஜுவேட்டட் இன் 2024’ என்று எழுதுங்கள். ‘அரியர்’ நம் கல்லூரிகளின் சொல். வெளியே அது பாக்கிப் பணம். வட்டிக்காரர் யாரும் தேடி வரவில்லை என்று எழுதியது போல ஆகிவிடும்.

கேள்வி: திருமண வரவேற்பு அழைப்பிதழை ஆங்கிலத்தில் அச்சடிக்கிறோம். ‘ப்ளீஸ் ஆர்.எஸ்.வி.பி.’ என்று கடைசியில் போட வேண்டும் என்கிறார் மாப்பிள்ளை வீட்டார். வேறு எதைக் கவனிக்க வேண்டும்?
– பெண் வீட்டார், வாடிப்பட்டி

பதில்: ஆர்.எஸ்.வி.பி. ஒரு பிரெஞ்சு வாக்கியத்தின் சுருக்கம். ‘தயவுசெய்து பதில் தாருங்கள்’ என்று பொருள். தயவு உள்ளேயே இருக்கிறது. மேலே இன்னொரு ‘ப்ளீஸ்’ வேண்டாம். நம் பக்கத்துக் கல்யாணத்தில் பந்தியில் வந்து உட்காருவதுதான் பதில் என்பதால், உண்மையிலேயே தலை எண்ண வேண்டுமென்றால் ‘ப்ளீஸ் ரிப்ளை பை’ என்று ஒரு தேதியும் செல்போன் எண்ணும் போடுங்கள்.

அச்சுப் படியில் பார்க்க வேண்டிய முக்கியமான சொல் ‘ப்ரெஸன்ஸ்’. உங்கள் வருகையை வேண்டுகிறோம் என்பதற்கு அது சி-இ என்று முடியும். டி-எஸ் என்று முடிந்தால் வருகை போய்ப் பரிசுப் பொருள்கள் வந்துவிடும். மொய்யைப் பத்திரிகையிலேயே கேட்டது போல இருக்கும். இங்கேயும் கம்ப்யூட்டர் காட்டிக்கொடுக்காது. வீட்டில் ஒருவர் சத்தம் போட்டுப் படித்துப் பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாது, இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். எழுத்தெழுத்தாகப் பார்க்க வேண்டும்.

கேள்வி: டவுன் ஹால் ரோட்டுப் பக்கம் கடை போடுகிறேன். பலகையில் ‘ஸ்டேஷனரி’க்கு இ-யா, ஏ-யா? ‘சாரீஸ்’, ‘லேடீஸ் டெய்லர்’ இவற்றுக்கு மேற்புள்ளி உண்டா?
– புதுக் கடைக்காரர், மதுரை

பதில்: தாள், பேனா விற்பதற்கு இ: இ-ஆர்-ஒய். ‘என்வலப்’ இ-யில் தொடங்குகிறது என்று நினைவு வைத்துக்கொள்ளுங்கள். ஏ போட்டால் ‘அசையாமல் நிற்பது’. டிராஃபிக்கில் மாட்டிய பஸ்ஸுக்குப் பொருந்தும். ‘சாரீஸ்’ வெறும் பன்மை, புள்ளி கிடையாது. ‘லேடீஸ்’ என்பதில் எஸ்ஸுக்குப் பின்னால் புள்ளி வைக்கலாம், வைக்காமலும் விடலாம். எஸ்ஸுக்கு முன்னால் மட்டும் வைக்கக் கூடாது. பலகை எழுதுகிறவர் நீங்கள் கொடுத்த துண்டுச் சீட்டைப் பார்த்துத்தான் எழுதுவார். வாயால் சொல்லாதீர்கள், பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுத்து, ஃப்ளெக்ஸ் ஓடுவதற்கு முன் திரையில் ஒருமுறை பாருங்கள்.

கேள்வி: ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்’, ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ்’?
– பள்ளி மாணவி, அலங்காநல்லூர்

பதில்: ‘என் நண்பர்களில் ஒருவர்.’ நண்பர்கள் பன்மை, ஒருவர் ஒருமை. ஆங்கிலத்திலும் அதே: ‘ஒன் ஆஃப் மை ஃபிரெண்ட்ஸ் இஸ்’.

கேள்வி: ‘ப்ரீபோன்’ என்ற சொல்லை எழுதலாமா? அப்படி ஒரு சொல்லே இல்லை என்று எங்கள் மேலாளர் அடித்துவிட்டார்.
– அலுவலக உதவியாளர், மதுரை

பதில்: ஆக்ஸ்ஃபோர்டு அகராதியில் இருக்கிறது, மேலாளரிடம் காட்டுங்கள். ‘போஸ்ட்போன்’ இருக்கும்போது அதற்கு எதிர்ச்சொல் இல்லாமல் எப்படி என்று நம்மவர்கள் புழக்கத்துக்குக் கொண்டுவந்த சொல். உள்ளூரில் தாராளமாக எழுதலாம். வெளிநாட்டாருக்குப் புரியாமல் போகலாம் என்பதால் அவர்களுக்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’. ‘மூவ் ஃபார்வர்ட்’ என்று எழுதினால் மட்டும் கவனம் தேவை. கூட்டம் முன்னால் வந்ததா, தள்ளிப் போனதா என்று ஆங்கிலம் தாய்மொழியானவர்களே ஆளுக்கொரு விதமாக எடுத்துக்கொள்வார்கள். ‘தி மீட்டிங் ஹாஸ் பீன் பிராட் ஃபார்வர்ட் ஃப்ரம் டென்த் ஜூலை டு செவன்த் ஜூலை’ என்று பழைய தேதி, புதிய தேதி இரண்டையும் எழுதுங்கள். அந்த வாக்கியத்தில் வரும் ‘டு’ எந்த ஆள் என்று திருமங்கலம் வாசகி சொல்வார்.